மலையேறாத ஓட்டுகள்

2013 மே 5-ஆம் தேதி இரவு மலேசியாவின் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் ஓட்டு எண்ணி முடித்தபோது ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தேசியத் தலைவர் ஜி. பழனிவேலுக்கு 10,506 ஓட்டு. ஜ.செ.க.வின் (ஜனநாயக செயல் கட்சி) எம். மனோகரனுக்கு 10,044. வித்தியாசம் 462. ஐந்து ஆண்டு கழித்து 2018 மே 9-இல் மனோகரன் மறுபடி நின்றார். எதிரே ம.இ.கா.வின் சி. சிவராஜ். இந்த முறை 10,307-க்கு 9,710. வித்தியாசம் 597.

462 பேர் என்றால் எவ்வளவு? ஒரு பஸ்ஸில் நாற்பது பேர் என்று வைத்தால் பன்னிரண்டு பஸ். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் அந்தப் பன்னிரண்டு பஸ் அன்று கூடுதலாக ஏறியிருந்தால் ஒரு கட்சியின் தேசியத் தலைவர் நாடாளுமன்றத்துக்குப் போயிருக்க மாட்டார். போனவர் இயற்கைவள, சுற்றுச்சூழல் அமைச்சரானார். அதே ஆண்டு அக்டோபரில் அணைநீர் திறந்துவிடப்பட்டு பெர்த்தாம் பள்ளத்தாக்கு மூழ்கியது, உயிர்களும் போயின. மலைச்சரிவுகளை வழித்து நடந்த காடழிப்பு நாடாளுமன்றம்வரை பேசுபொருளானது. பதில் சொல்ல வேண்டிய அமைச்சரும் தொகுதி உறுப்பினரும் ஒருவரே. பன்னிரண்டு பஸ்ஸில் வராமல் போனவர்களைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

அதன் பிறகு கேமரன் மலைப் பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரே கேள்விதான். தோட்டத்து ஓட்டு எந்தப் பக்கம்? ம.இ.கா. பக்கமா, ஜ.செ.க. பக்கமா? ஆய்வாளர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், கோயில் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள். கேள்வியின் வரிசையே தவறு என்பது என் எண்ணம். முதலில் கேட்க வேண்டியது, தோட்டத்து ஓட்டு வந்ததா என்பது. எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது அதற்கு அப்புறம்.

தொகுதியின் அமைப்பைத் தெரிந்துகொள்ளாமல் இந்த விஷயம் பிடிபடாது. கேமரன் மலைக்கென்று தனி நாடாளுமன்றத் தொகுதி 2003 எல்லைச் சீரமைப்பில்தான் வந்தது. முதல் தேர்தல் 2004. அதற்கு முன் லிப்பிஸ் தொகுதியின் ஒரு பகுதியாக இருந்தது. புதிய தொகுதிக்குள் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள். ஒன்று தானா ராத்தா. பட்டணங்களும், பிரிஞ்சாங், கம்போங் ராஜா பக்கத்துக் காய்கறித் தோட்டங்களும், போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி என்று நாம் அறிந்த தேயிலை மேடுகளும் இந்தப் பக்கம். மற்றொன்று ஜெலாய். அது மலையின் மறுபக்கச் சரிவில், லிப்பிஸ் மாவட்டத்தில் கிடக்கிறது. மலாய்க் கம்பங்கள், சுங்கை கோயான் பெல்டா குடியேற்றங்கள், போஸ் பெத்தாவ் போன்ற ஒராங் அஸ்லி பூர்வகுடியினரின் குடியிருப்புகள். தேயிலைக்கும் ஜெலாய்க்கும் ஒட்டு உறவு கிடையாது. ஆனால் ஓட்டுப் பெட்டி ஒன்று.

2019 தொடக்கத்தில் தொகுதி வாக்காளர் கணக்கு ஏறத்தாழ இப்படி இருந்தது: மலாய்க்காரர் 34 விழுக்காடு, சீனர் 30, ஒராங் அஸ்லி 22, இந்தியர் 15. நூற்றுக்குப் பதினைந்து பேர் இருக்கும் இடத்தை ம.இ.கா.வின் கோட்டை என்று பதினைந்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தோம். 2008-இல் நாடு முழுக்க இந்தியர் ஓட்டு புரண்டபோது ம.இ.கா. நின்ற ஒன்பது நாடாளுமன்றத் தொகுதிகளில் மூன்றுதான் தப்பின. சிகாமட், தாப்பா, கேமரன் மலை. சுங்கை சிப்புட்டில் அப்போதைய ம.இ.கா. தலைவர் சாமிவேலுவே டாக்டர் ஜெயக்குமார் தேவராஜிடம் தோற்ற தேர்தல் அது. கேமரன் மலையில் எஸ்.கே. தேவமணி தப்பினார் என்றதும், மலைத் தமிழர்கள் விசுவாசிகள் என்று எழுதினோம். அந்த விசுவாசத்தில் பெரும் பங்கு ஜெலாய் மக்களுடையது. ஒரு தமிழரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியது மலாய்க் கம்பங்களும் ஒராங் அஸ்லி குடிகளும். அந்த நன்றியை நாம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

மலையின் இந்தப் பக்கம் வேறு கதை. தானா ராத்தா சட்டமன்றத் தொகுதி 2013-இல் ஜ.செ.க.வுக்குப் போனது. 2018-இலும் அப்படியே. 2022-இலும் அப்படியே. இங்கே ஒரு பக்கம் ஏறுகிறது, அங்கே ஒரு பக்கம் இறங்குகிறது, கூட்டிக் கழித்தால் மிச்சம் 462, 597. இப்படிப்பட்ட தொகுதியில் பதினைந்து விழுக்காடு என்பது சின்ன எண் இல்லை. அதில் சில நூறு பேர் வந்தார்களா வரவில்லையா என்பதே முடிவு.

தோட்டத்துக்காரர்களின் சாய்வு எப்படி உண்டானது என்பதையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் அதைப் பற்றி நகரத்தில் இருப்பவர்களுக்கு ஓர் இளக்காரம் உண்டு.

ஜே.ஏ. ரஸ்ஸல் 1929-இல் போ தோட்டத்தைத் தொடங்கியபோது மலையை வெட்டிச் சரித்து நிரைபிடித்து நட்டவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். அடுத்த சில ஆண்டுகளில் பாரத் தேயிலை வந்தது. வேலை கொடுப்பது கம்பெனி, வீடு கொடுப்பது கம்பெனி. லயத்துக்கு (வரிசை வீடுகளுக்கு) முன்னால் ஓடும் சாலை கம்பெனியுடையது, கோயில் நிற்கும் மேடும் பள்ளிக்கூடம் நிற்கும் மேடும் கம்பெனியுடையது. வேலை போனால் வீடு போகும். தனியார் நிலம் என்பதால் மாவட்ட மன்றத்தின் கை தோட்டத்துக்குள் எளிதில் நீளாது. மாவட்ட மன்றத்துக்கே தேர்தல் கிடையாது. ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தப்பட்டவை, இன்றுவரை திரும்பவில்லை, உறுப்பினர்கள் நியமனம். ஆக, தெருவிளக்குக்கும் குப்பைக்கும் குடிநீர்க் குழாய்க்கும் ஓட்டுப் போட ஆளே இல்லாத இடத்தில் ஒரு பாட்டாளி ஓட்டுப் போடுகிறார். அவர் போடும் ஓட்டு அவர் வீட்டு வாசல்வரை வராது. வரக்கூடியவை பள்ளிக்கூடத்துக்கு மானியம், கோயிலுக்குக் கூரை, அடையாள அட்டைக்கு ஒரு கடிதம், பிள்ளைக்கு மேற்படிப்புக்கு ஒரு சிபாரிசு. இவற்றை வாங்கித் தரக்கூடியவர் யாரோ அவர் பக்கம் சாய்ந்தார்கள். நெடுங்காலம் அந்த ஆள் ம.இ.கா. கிளைத் தலைவர்தான்.

இதை அடிமைத்தனம் என்று சொல்பவர்களுக்கு 1969-ஐ நினைவூட்ட வேண்டும். குடியுரிமை இல்லாத சிவப்பு அட்டைக்காரர்களுக்கு வேலை உரிமம் கட்டாயமாக்கப்பட்டபோது ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர்கள் நாட்டைவிட்டுக் கப்பலேறினார்கள். மனு எழுதத் தெரிந்தவர், அலுவலகப் படியேறத் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசம் அன்று ஒரு குடும்பம் இங்கே இருப்பதா போவதா என்ற வித்தியாசம். ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, துண்டாடப்பட்ட தோட்டங்களைப் பாட்டாளிகளே வாங்கலாம் என்று தோட்டம் தோட்டமாகச் சொல்லிக்கொண்டு போனதை நேரில் கேட்டவர்களின் பிள்ளைகள் நன்றியோடு ஓட்டுப் போட்டார்கள். அதில் குறை காண எனக்கு மனம் இல்லை.

பிறகு காய்கறிக்குப் போனவர்கள். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் லாரி ஓட்டினார்கள், குத்தகைக்கு நிலம் எடுத்து முட்டைக்கோசும் தக்காளியும் போட்டார்கள். அந்த நிலம் தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தில் இருந்தது. ஆண்டுக்காண்டு புதுப்பிக்க வேண்டியிருந்தது. புதுப்பித்தது பகாங் மாநில அரசு. பகாங் மாநிலம் சுதந்திரத்துக்குப் பிறகு ஒருமுறையும் ம.இ.கா. இடம்பெற்ற கூட்டணி, அதன் வழிவந்த தேசிய முன்னணி ஆகியவற்றின் தலைமையை விட்டுப் போனதில்லை. மாநிலத் தலைநகரம் குவாந்தானில், மலையிலிருந்து ஐந்தாறு மணிநேரப் பயணத்தில். 2019-இல் கோலா தெர்லாவில் விவசாயிகளின் நிலங்கள் இடித்துத் தள்ளப்பட்டபோது, ஆண்டு உரிமத்தில் வாழ்கிறவனுடைய அரசியல் எவ்வளவு நடுக்கமானது என்பதைப் பலர் முதல்முறையாகப் பார்த்தார்கள். நடுக்கத்தில் இருப்பவன் ஆளும் கட்சிக்கு ஓட்டுப் போடுவான், அல்லது ஓட்டுப் போடவே வரமாட்டான். இரண்டும் பாதுகாப்பானவை என்று அவன் எண்ணுகிறான்.

இன்னொன்றும் உண்டு. நம் நாட்டில் ஓட்டுகளை ஓரிடத்தில் கொட்டிக் கலந்து எண்ணுவதில்லை. ஒவ்வொரு வாக்களிப்பு மையத்திலும், அதற்குள் ஒவ்வொரு சாலுரானிலும் (வாக்களிப்பு வரிசையிலும்) தனித்தனியாக எண்ணி, பாரம் 14-இல் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். சாலுரான் வயதுப்படி பிரிக்கப்படுவது, முதலாவதில் மூத்தவர்கள், கடைசியில் இளையவர்கள். மோசடியைத் தடுக்க நல்ல ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் சில நூறு பேர் மட்டுமே ஓட்டுப் போடும் ஒரு தோட்டத்தில், அந்தத் தோட்டத்துக் கிழவர்கள் யாருக்குப் போட்டார்கள், பிள்ளைகள் யாருக்குப் போட்டார்கள் என்பது அன்றிரவே எல்லாக் கட்சிக்காரர் கையிலும் தாளாக இருக்கும். ஒருவரின் ஓட்டு ரகசியம், தோட்டத்தின் ஓட்டு ரகசியமில்லை. அடுத்த தீபாவளிக்கு எந்த லயத்துக்கு என்ன வரும், என்ன வராது என்பதை அந்தத் தாள் சொல்லிவிடும் என்று ஜனங்கள் நம்பினார்கள். நம்பிக்கை சரியோ தவறோ, அது வேலை செய்தது.

2007 நவம்பர் 25-இல் இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராப் பேரணிக்குப் பிறகு இந்த நடுக்கம் நாடு முழுக்க உடைந்தது. மலையிலும் உடைந்தது, முதலில் கடைசி சாலுரான்களில். கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு என்று போய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய பிள்ளைகள் வேறு மாதிரி பேசினார்கள். தகப்பன் ஒரு பக்கம், மகன் ஒரு பக்கம் என்று லயத்து வீடுகளில் சண்டை வந்தது. தோட்டத்துத் தமிழரின் அரசியல் வயதுக்கு வந்த காலம் அதுதான் என்பேன். துயரம் என்னவென்றால், மாற்றிப் பேசக் கற்றுக்கொண்ட அதே பிள்ளைகள்தான் மலையைவிட்டு இறங்கிப் போனார்கள்.

இன்று ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனால் கொழுந்து வெட்டும் கைகள் வங்காளதேசத்து, நேப்பாளத்து, இந்தோனேசியக் கைகள். கூடையும் விரலும் போய்க் கத்தரி வந்தது, கத்தரி போய் இரண்டு பேர் பிடித்து நடக்கும் இயந்திரம் வந்தது. நம் ஆட்களில் மிச்சமிருப்பவர்கள் மேற்பார்வையிலும் தொழிற்சாலையிலும் தேநீர்க் கடையிலும் இருக்கிறார்கள். மற்றவர்கள் கிள்ளானில், ஷா ஆலாமில், ஈப்போவில், ஜொகூர் வழியாகச் சிங்கப்பூரில். லயத்தில் இருப்பவருக்கு ஓட்டு இல்லை, ஓட்டு இருப்பவர் லயத்தில் இல்லை. கேமரன் மலைத் தமிழர் அரசியலைப் பற்றி எழுதப்படும் எல்லாவற்றிலும் இந்த ஒன்று விடுபட்டுப் போகிறது. நாம் யாருடைய சாய்வை ஆராய்கிறோமோ அவர் அந்த மலையில் தூங்கி எழுவதில்லை.

என் சித்தப்பா அப்படி ஒருவர். தொண்ணூறுகளின் கடைசியில் கிள்ளானுக்கு இறங்கினார். மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், இன்னும் தோட்டத்து முகவரி. 2018-இல் தேர்தலைப் புதன்கிழமை வைத்தார்கள். எதிர்ப்பு வந்த பிறகு அன்று பொதுவிடுமுறை அறிவித்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் காரில் இடம் தந்தார்கள், டிக்கெட்டுக்குக் காசு தந்தார்கள், ஊருக்குப் போய் ஓட்டுப் போடுங்கள் என்று நாடே ஒருவரையொருவர் தூக்கிவிட்ட தேர்தல் அது. சித்தப்பாவும் பையனோடு மலையேறினார். விரலில் மையோடு படம் அனுப்பினார்.

அந்தத் தேர்தல் முடிவு நிற்கவில்லை. 2018 நவம்பர் 30-இல் தேர்தல் நீதிமன்றம் ஒராங் அஸ்லி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதை ஏற்று முடிவைச் செல்லாததாக்கியது. அந்தச் செய்தி வந்த நாட்களில் நம்மவர்கள் சிலர் ஒராங் அஸ்லி மக்களைக் கேலியாகப் பேசியதைக் கேட்டேன். மனம் கசந்தது. தேர்தலுக்கு முந்தின வாரம் தோட்டத்துக்கு அரிசி மூட்டை வந்து இறங்குவதைச் சின்ன வயதில் கண்ணால் பார்த்து வளர்ந்தவன் நான். வாங்கியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கும் ஒருவரிடம் அந்த ஒருமுறை கிடைப்பதை வாங்கிக்கொண்டார்கள். குற்றம் கொடுப்பவனிடம் இருக்கிறது.

இடைத்தேர்தல் 2019 ஜனவரி 26, சனிக்கிழமை. ம.இ.கா. தொகுதியை விட்டுக்கொடுத்தது. தேசிய முன்னணி நேரடி வேட்பாளராக ரம்லி முகமட் நோரை நிறுத்தியது, செமாய் இனத்தவர், ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. ஜ.செ.க. மூன்றாம் முறையாக மனோகரனை நிறுத்தியது. ரம்லி 12,038, மனோகரன் 8,800. மலேசிய வரலாற்றில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு நாடாளுமன்றம் போன முதல் ஒராங் அஸ்லி அவர். மண்ணின் மூத்த குடிக்கு மெர்டேக்காவுக்குப் பின் அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது ஒரு நாற்காலி கிடைக்க. நம் தொகுதி பறிபோனது என்று அப்போது புலம்பியவர்களோடு நான் சேரவில்லை, இப்போதும் சேரமாட்டேன். அவர்கள் ஓட்டில் நாம் மூன்று பேரை அனுப்பிய பிறகு நம்மோடு சேர்ந்து அவர்களில் ஒருவர் போனார். நியாயம்தான்.

எனக்கு உறுத்துவது வேறொரு எண். 2018-இல் ஐந்து வேட்பாளர்களுக்கும் சேர்த்து விழுந்தது 24,365 ஓட்டு. 2019-இல் நான்கு வேட்பாளர்களுக்கும் சேர்த்து 21,428. வாக்காளர் பட்டியல் இரண்டு முறையும் ஏறத்தாழ 32,000. எட்டே மாதத்தில் மூவாயிரம் பேர் காணாமல் போனார்கள். வாக்களிப்பு 69 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. ரம்லி ஜெயித்த பெரும்பான்மை 3,238. இந்த இரண்டு எண்களும் அருகருகே நிற்பதைப் பாருங்கள். வராத மூவாயிரமும் ஒரே பக்கம் விழுந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை, விழுந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஆனால் 2018-இல் பாஸ் கட்சிக்கு விழுந்த 3,587 ஓட்டில் பெரும் பகுதி, அந்தக் கட்சி ஒதுங்கிக்கொண்டதால், தேசிய முன்னணிக்கு வந்திருக்க வேண்டும். வந்தும் அதன் ஓட்டு 1,731-தான் ஏறியது. எல்லாப் பக்கத்திலும் ஆட்கள் வரவில்லை என்பதுதான் இதன் பொருள்.

சித்தப்பாவும் வரவில்லை. அந்த ஆண்டு தைப்பூசம் ஜனவரி 21. பிரிஞ்சாங் தண்டாயுதபாணி கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமையே ஏறிவிட்டார், செவ்வாய் காலை வேலைக்கு இறங்கிவிட்டார். நான்கே நாளில் மறுபடி ஏற வேண்டும். போன் போட்டேன்.

“போன வாரந்தானய்யா வந்துட்டுப் போனேன். சனிக்கிழமை ஓவர்டைம். பெட்ரோல், டோல், சாப்பாடு, ரெண்டு பேருக்கு எரநூறு வெள்ளி ஆவும். போன தடவ போட்ட ஓட்ட கோர்ட்டுல செல்லாதுன்னுட்டாங்க. இந்தத் தடவ போடுறது செல்லுமா?”

என்னிடம் பதில் இல்லை. அவருடைய ஓட்டில் ஒரு குற்றமும் இல்லை. மலைக்கு அப்பால் யாரோ கொடுத்த பணத்தால் அவர் விரலில் வைத்த மையும் செல்லாமல் போனது. அக்கறையில்லாத சமுதாயம், ஓட்டுப் போடச் சோம்பேறித்தனம் என்று மேடையில் முழங்குபவர்கள் ஒருமுறை இருநூறு வெள்ளியைச் சித்தப்பாவின் சம்பளத்தில் வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டும். 2019 ஜனவரியில் மாதக் குறைந்தபட்சச் சம்பளம் 1,100 வெள்ளி.

மலேசிய சோசலிசக் கட்சிக் கதையையும் சொல்லியாக வேண்டும். 2018-இல் அதன் வேட்பாளர் சுரேஷ்குமார் வாங்கியது 680 ஓட்டு. வித்தியாசம் 597. ஓட்டைப் பிரித்துவிட்டார்கள் என்று மாற்றத்தை விரும்பியவர்கள் அவர்கள்மேல் பாய்ந்தார்கள். காய்கறி விவசாயிகளோடு நிலப் பிரச்சினையில் நின்றவர்கள் தேர்தலில் நிற்க யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அந்தத் தேர்தலில் பட்டியலில் பெயர் இருந்தும் செல்லுபடியாகும் ஓட்டாக மாறாமல் போனவை ஏழாயிரத்துக்கு மேல். 680-ஐ விரல் நீட்டிக் காட்டியவர்கள் கண்ணுக்கு அந்த ஏழாயிரம் தெரியவில்லை. வந்து ஓட்டுப் போட்டவர்களை வைவது சுலபம், வராதவர்களுக்கு முகம் இல்லை.

தேயிலை மலையில் தமிழர் ஓட்டு என்றாலே எனக்கு இலங்கையின் நுவரெலியாவும் நினைவுக்கு வரும். 1947-இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் ஏழு நாடாளுமன்ற இடங்களை வென்றது. அந்தக் கட்சியின் தொண்டமான் நுவரெலியாவில் வென்றவர். மறு ஆண்டு குடியுரிமைச் சட்டம், அதன் தொடர்ச்சியாக வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கம். கொழுந்து பறித்த இலட்சக்கணக்கான பேர் ஒரே வீச்சில் ஓட்டற்றவர்கள் ஆனார்கள். தொண்டமான் மறுபடி மக்கள் ஓட்டில் நாடாளுமன்றம் போக 1977 ஆனது. அங்கே ஓட்டைச் சட்டம் போட்டுப் பிடுங்கினார்கள். அதனால்தானோ என்னவோ, திரும்பக் கிடைத்த ஓட்டின் அருமை அந்த மக்களுக்குத் தெரியும். இங்கே 1955-இல் முதல் கூட்டரசுத் தேர்தலில் வாக்காளர்களில் மலாய், சீனர் தவிர்த்த மற்றவர் எல்லாரும் சேர்ந்து ஐந்து விழுக்காடுகூட இல்லை. பிறகு குடியுரிமை வந்தது, நீல அட்டை வந்தது, ஓட்டு வந்தது. யாரும் பிடுங்கவில்லை. தூரமும் சம்பளமும் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கின்றன. அரிப்பது சத்தம் போடாது.

பதினெட்டு வயதில் ஓட்டு, தானாகவே பதிவு என்ற அரசியலமைப்புத் திருத்தம் 2019-இல் எல்லாக் கட்சிகளாலும் சேர்ந்து நிறைவேற்றப்பட்டு, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. நல்ல திருத்தம். கேமரன் மலைப் பட்டியல் 32 ஆயிரத்திலிருந்து 46 ஆயிரத்துக்குத் தாவியது. ஆனால் தானாகப் பதிவது எந்த முகவரியில்? மைகார்டில் இருக்கும் முகவரியில். தாய்தகப்பனோடு இறங்கிப் போன பிள்ளை, மலையில் ஒரு மாதம்கூடச் சேர்ந்தாற்போல் வாழாதவன், அட்டையில் தாத்தா வீட்டு லயத்து எண் இருப்பதால் கேமரன் மலை வாக்காளன் ஆகிவிட்டான். முன்பு பதியாமல் வெளியே நின்றவர்கள் இப்போது பட்டியலுக்குள் இருந்தும் ஓட்டுப் போட வராமல் நிற்கிறார்கள். 2018-இல் நாட்டில் 82 விழுக்காடாக இருந்த வாக்களிப்பு 2022 நவம்பரில் 74-ஆக இறங்கியதற்கு இது ஒரு காரணம். மழைக்காலத்தில் வைத்தது இன்னொன்று. நவம்பரில் மலைச்சாலையில் எங்கே மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது.

அந்தத் தேர்தலில் ரம்லி நாலாயிரத்துக்கு மேற்பட்ட பெரும்பான்மையில் மறுபடி வென்றார், மக்களவைத் துணைச் சபாநாயகரும் ஆனார். அவரை எதிர்த்து நின்றது ஜ.செ.க. தேர்தல் முடிந்த சில நாளில் இரு தரப்பும் ஒரே அரசாங்கத்தில், கூட்டரசிலும் பகாங்கிலும். நாட்டுக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். ஆனால் பத்து ஆண்டாக இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தகப்பனோடு சண்டை போட்ட மகனுக்கு அது என்ன சொல்லியிருக்கும்? இருநூறு வெள்ளி செலவழித்து ஏறி வந்து ஒருவரைத் தோற்கடிக்க ஓட்டுப் போட்டவன், இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பதைத் தொலைக்காட்சியில் பார்த்தான். அடுத்த முறை ஏறுவானா என்ற கேள்வியை இரண்டு கட்சியும் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்.

செய்யக்கூடியது இல்லாமல் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் மலேசியருக்கு அஞ்சல் ஓட்டு உண்டு. சிங்கப்பூரில் வேலை பார்ப்பவருக்கும் இப்போது உண்டு. போலீசுக்கும் ராணுவத்துக்கும் முன்கூட்டிய வாக்களிப்பு உண்டு. கிள்ளானில் இருக்கும் கேமரன் மலைத் தொழிலாளிக்கு மட்டும் கிடையாது. கடல் தாண்டிப் போனவனுக்கு இருக்கும் உரிமை, மலையிறங்கிப் போனவனுக்கு இல்லை. வேறு மாநிலத்தில் வாழ்பவர் தான் இருக்கும் இடத்திலேயே ஓட்டுப் போட ஏற்பாடு வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாக இருக்கிறது. சபா, சரவாக் மக்கள் இதை உரக்கக் கேட்கிறார்கள். நம் கட்சிகளும் சங்கங்களும் அவர்களோடு சேர்ந்து கேட்பதை நான் காணவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் பஸ் ஏற்பாடு செய்வதில் இருக்கும் சுறுசுறுப்பு இதில் இல்லை. பஸ்ஸில் ஏற்றி வந்தால் ஏறியவர் கடன்பட்டவர் ஆகிறார், உரிமையாக ஆக்கிவிட்டால் அவர் யாருக்கும் கடன்படமாட்டார். காரணம் இதுவாக இருக்குமோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு.

தோட்டத்துக் கோயில் கமிட்டிகளும், பழைய மாணவர் சங்கங்களும் தங்கள் பட்டியலை எடுத்து வைத்து உட்கார வேண்டும். யார் யார் இறங்கிப் போனார்கள், யார் திருவிழாவுக்காவது வருகிறார்கள், யார் இனி வரவே மாட்டார்கள் என்று நம்மைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? வரமாட்டாதவர்கள் முகவரியை மாற்றி, வாழும் இடத்தில் ஓட்டுப் போடுவதே முறை. கிள்ளானில் அவர் குழந்தை போகும் பள்ளிக்கூடமும் அவர் வீட்டுக்கு முன்னால் தேங்கும் வெள்ளமும் அங்குள்ள ஓட்டைத்தான் கேட்கின்றன. மலையோடு தொடர்பு விடாதவர்கள், நிலமோ தாய்தகப்பனோ அங்கே இருப்பவர்கள், பட்டியலில் இருக்கட்டும். அவர்கள் ஏறி வர வழி செய்வோம். அடுத்த பொதுத்தேர்தல் 2028 தொடக்கத்துக்குள் நடந்தாக வேண்டும். காலம் அதிகமில்லை.

இதைச் சித்தப்பாவிடமும் சொன்னேன். முகவரியை மாற்றிவிடுங்கள், கிள்ளானிலேயே போட்டுவிடலாம் என்றேன். மைகார்டை எடுத்து மேசைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். “மாத்துறது பத்து நிமிஷ வேலதான்யா. ஆனா அதுல ஊர் பேரு இருக்கே” என்றார். தாத்தா, பாட்டி இருவரையும் அந்தத் தோட்டத்து மேட்டில்தான் அடக்கம் செய்திருக்கிறோம். போன தீபாவளிக்கு மலையேறியபோது பழைய லயத்தைப் பார்க்கப் போனோம். அட்டையில் இருக்கும் அந்த எண்ணுள்ள வீட்டில் இப்போது நேப்பாளத்துப் பையன்கள் நான்கு பேர் தங்கியிருக்கிறார்கள். சித்தப்பாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். அவர் அட்டையைக் காட்டி, கதவு மேலிருந்த எண்ணையும் காட்டினார். அவர்களில் ஒருவன் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.